நிசேகோவில் முதன்முறையாக ஸ்னோபோர்டிங் கற்பவர்களுக்கு

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் இருக்கும் நிசேகோ, ஒரே பலகையில் நின்று பனிச்சரிவில் வழுக்கி இறங்கும் ஸ்னோபோர்டிங்கில் தேர்ந்த வீரர்கள் ஆண்டுதோறும் தேடிச் செல்லும் இடம். சைபீரியாவிலிருந்து வீசும் உலர்ந்த குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு, ஹொக்கைடோவின் மேற்குப் புற மலைகளில் மோதி மேலெழுந்து, அந்த ஈரம் முழுவதையும் மிக இலேசான பொடிப்பனியாகக் கொட்டிவிடுகிறது. இப்படி ஒரு குளிர்காலத்தில் 10 மீட்டருக்கும் மேல் பனி பொழிகிறது. இடுப்பளவு பனியைக் கிழித்துக்கொண்டு இறங்குபவர்களின் படங்களைப் பார்த்துத்தான் பெரும்பாலான புதியவர்களும் அங்கே போக ஆசைப்படுகிறார்கள். ஆனால் முதன்முறை பலகையில் நிற்பவருக்கு அந்த ஆழமான பனி உதவாது. அதில் பலகையின் மூக்கு, அதாவது முன்முனை, புதைந்துபோகும்; விழுந்தால் கையை ஊன்றி எழக்கூட உறுதியான தரை கிடைக்காது. கற்பவருக்கு வேண்டியது, இரவோடு இரவாக இயந்திரத்தால் சீவிச் சமன்செய்யப்பட்ட, அகலமான, சாய்வு குறைந்த பாதை. நிசேகோவில் அதுவும் தாராளமாக இருக்கிறது என்பதனால்தான் இந்த இடத்தைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன்.

இன்னொரு காரணம் உயரம். நிசேகோ அன்னுபுரி மலையின் உச்சியே 1,308 மீட்டர்தான். புதியவர்கள் பயிலும் இடங்கள் அதன் அடிவாரத்தில் உள்ளன. அமெரிக்காவின் கொலராடோ மலைகளிலோ காஷ்மீரின் குல்மார்க்கிலோ முதல் நாள் மூச்சு வாங்குவதும் தலை வலிப்பதும் உண்டு. இங்கே அந்தத் தொல்லை இல்லை. கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய சென்னைவாசிக்கோ சிங்கப்பூர்வாசிக்கோ இது சிறிய வசதி அன்று. மேலும், இங்குள்ள பயிற்றுநர்களில் பலர் ஆங்கிலத்தில் கற்பிப்பவர்கள். ஜப்பானிய மொழி தெரியாதவரும் ஒவ்வொரு அசைவின் காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எப்போது போவது, எத்தனை நாள் ஒதுக்குவது

பனிப்பருவம் பொதுவாக டிசம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏப்ரல் வரை நீள்கிறது. ஜனவரியில் பனிப்பொழிவு மிகுதி. அதனாலேயே வெளிச்சம் மங்கி, தரையின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் நாட்களும் மிகுதி. பகலிலும் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே இருக்கும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலும், சீனப் புத்தாண்டை ஒட்டியும் கூட்டம் அதிகம், அறை வாடகையும் அதிகம். எனவே முதன்முறை கற்பவர்கள் பிப்ரவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் நடுப்பகுதிக்குள் போவது நல்லது என்பது என் கருத்து. அப்போது பனி போதுமான அளவு இருக்கும், வானம் தெளிந்திருக்கும் நாட்கள் கூடும், குளிரும் சற்றுத் தணியும். மார்ச் கடைசிக்குத் தள்ளிப்போட்டால், பகலில் உருகிய பனி இரவில் உறைந்து காலையில் கல்லாக இறுகியிருப்பதும், பிற்பகலில் சேறுபோலக் குழைவதும் நடக்கும். இரண்டுமே புதியவருக்கு வசதியானவை அல்ல.

நாட்களைக் கணக்கிடும்போது பனியில் நிற்கும் நாட்களைத் தனியாக எண்ணுங்கள். சென்னையிலிருந்து ஹொக்கைடோவின் தலைநகரான சப்போரோவுக்கு நேரடி விமானம் இல்லை. டோக்கியோ போன்ற ஏதேனும் ஒரு நகரத்தில் மாறித்தான் சப்போரோவுக்குரிய நியூ சிட்டோசே விமான நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து நிசேகோவுக்குப் பேருந்தில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். கடும் பனிப்பொழிவு என்றால் இன்னும் நீளும். போகும் நாளையும் திரும்பும் நாளையும் கழித்துவிட்டு, குறைந்தது நான்கு நாட்கள் பனிக்கென்று மிஞ்ச வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் தனித்தனிப் பலகை பூட்டும் ஸ்கீயிங்கில் முதல் நாள் மாலைக்குள்ளேயே ஓரளவு வழுக்கிச் செல்லும் மகிழ்ச்சி கிடைத்துவிடும். ஸ்னோபோர்டிங் அப்படியன்று. இரு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருப்பதால் தடுமாறும்போது ஒரு காலை எடுத்து வைத்துச் சமாளிக்க வழியில்லை. முதல் இரண்டு நாட்கள் பெரும்பாலும் விழுவதிலும் எழுவதிலும் போகும். மூன்றாம் நாள்தான் பலருக்கு உடல் பிடிபடத் தொடங்குகிறது. இரண்டே நாள் ஒதுக்கிப் போகிறவர்கள், மிகக் கடினமான பகுதியை மட்டும் பட்டுவிட்டு, அதன் பலன் கைக்கு வரும் தருணத்தில் திரும்பிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் ஜப்பானுக்கு விசா பெற வேண்டும். அதற்கான காலத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். அடுத்தது பயணக் காப்பீடு. இதனை மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல, பனி விளையாட்டுகளை அபாயகரமான செயல்கள் என்ற தலைப்பின்கீழ் விலக்கிவிடுகின்றன. ஆகவே ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியை வரிவரியாகப் படித்து, ஸ்னோபோர்டிங் என்ற சொல் சேர்க்கப்பட்டிருக்கிறதா, மலையிலிருந்து கீழே கொண்டுவரும் செலவும் மருத்துவமனைச் செலவும் அடங்குமா, நீங்கள் இன்னொருவர் மீது மோதி அவருக்குக் காயம் ஏற்பட்டால் அந்தப் பொறுப்பும் அடங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்கப்படவில்லையென்றால் கூடுதல் தொகை கட்டிச் சேர்க்கலாம். அதற்கு இடம் தராத நிறுவனத்தை விட்டு வேறு நிறுவனத்திடம் போங்கள்.

பயிற்சி வகுப்பை விமானச்சீட்டு எடுத்த கையோடு பதிவு செய்துவிடுங்கள். கூட்டமான வாரங்களில் ஆங்கிலப் பயிற்றுநர்கள் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகிறார்கள். குழு வகுப்பு விலை குறைவு. தனிப் பயிற்சி பல மடங்கு விலை. இரண்டு மூன்று நண்பர்கள் ஒரே நிலையில் இருப்பவர்களாகச் சேர்ந்து ஒரு தனிப் பயிற்றுநரைப் பகிர்ந்துகொண்டால் செலவும் அடங்கும், கவனமும் கிடைக்கும். எப்படியாயினும் முதல் மூன்று நாட்களும் பாதி நாளாவது வகுப்பு இருக்கட்டும். ‘ஏற்கெனவே தெரிந்த நண்பர் கற்றுத் தருவார்’ என்ற நம்பிக்கையில் போகாதீர்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு, தம் உடல் தானாகச் செய்வதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலும் அவர் தமக்குப் பிடித்த உயரமான சரிவுக்கே உங்களையும் அழைத்துச் சென்றுவிடுவார்.

உடலைத் தயார்செய்ய ஆறு வாரங்கள் போதும். தொடை வலுவுக்கு உட்கார்ந்து எழும் பயிற்சி, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்வதுபோல் நிற்பது, கெண்டைக்கால் வலுவுக்கு விரல்நுனியில் எழுந்து நிற்பது, வயிற்றுத் தசைக்கு, முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் ‘பிளாங்க்’ நிலை ஆகியவற்றை வாரத்தில் நான்கு நாட்கள் செய்யுங்கள். குத்துக்காலிட்டு உட்காரப் பழகியவர்களுக்கு இதில் ஒரு நல்ல முன்னேற்பாடு இயல்பாகவே அமைந்திருக்கிறது. பனியில் குதிகால் பக்கமாக உட்கார்ந்த நிலையிலிருந்து எழுவதற்கு அதே கணுக்கால் வளைவும் இடுப்பு நெகிழ்வும்தான் வேண்டும்.

பூட்ஸ், பலகை, உடை

முதல் பயணத்தில் எதையும் விலைகொடுத்து வாங்க வேண்டாம். பலகை, பூட்ஸ், ஹெல்மெட், மேல்சட்டை, கால்சட்டை அனைத்தும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். சொந்தமாக எடுத்துச் செல்ல வேண்டியவை உள்ளாடை அடுக்குகள், காலுறை, கையுறை, முகமறைப்பு, மணிக்கட்டுக் காப்பு ஆகியவை.

வாடகைக் கடையில் அதிக நேரத்தைப் பூட்ஸுக்குச் செலவிடுங்கள். பலகை சற்று முன்பின் இருந்தாலும் கற்றுவிடலாம். பூட்ஸ் தளர்வாக இருந்தால் நீங்கள் பாதத்தால் சொல்வது பலகைக்குப் போய்ச் சேராது. ஜப்பானில் அளவு சென்டிமீட்டரில் கேட்பார்கள். ஆகவே குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்து, பெருவிரல் நுனிவரை அளந்து குறித்துக்கொண்டு போங்கள். பூட்ஸை அணிந்து நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கியதும் அது சற்றுப் பின்வாங்க வேண்டும். விரல்நுனியில் எழுந்து பாருங்கள். குதிகால் உள்ளே மேலெழும்பினால் அந்தப் பூட்ஸ் பெரிது. முழங்கால் வரை வரும் மெல்லிய காலுறை ஒன்றே ஒன்று போதும். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை அணிந்தால் மடிப்பு விழுந்து காலை அழுத்தும், இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சில்லிட்டுப்போகும். உள்ளாடையின் கால்பகுதியையும் பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது.

பலகையை நிறுத்தி வைத்தால் உங்கள் மோவாய்க்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம் இருக்கலாம். அதைவிட முக்கியமானது உங்கள் எடை. கடைக்காரர் கேட்கும்போது எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். புதியவருக்கு எளிதில் வளையும் மென்மையான பலகை ஏற்றது என்பதையும் சொல்லிக் கேளுங்கள். பிறகு எந்தக் கால் முன்னால் என்ற கேள்வி வரும். இடது கால் முன்னால் இருந்தால் ‘ரெகுலர்’, வலது கால் முன்னால் இருந்தால் ‘கூஃபி’ என்பார்கள். வழுவழுப்பான தரையில் காலுறையோடு ஓடிவந்து சறுக்கிப் பாருங்கள். இயல்பாக எந்தக் கால் முன்னால் போகிறதோ அதுவே உங்கள் முன்கால். எழுதும் கைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. முதல் மணி நேரத்திலேயே பொருந்தவில்லை என்று தோன்றினால் பயிற்றுநரிடம் சொல்லி மாற்றிப் பார்க்கலாம். காலைப் பூட்டும் பைண்டிங்குகள் தோள் அகலத்தைவிடச் சற்றே விரிந்து, முன்கால் 15 பாகை வெளிநோக்கியும் பின்கால் அதற்கு எதிர்ப்புறமாகச் சில பாகை திரும்பியும் இருப்பது பெரும்பாலோருக்கு வசதியான தொடக்க அமைப்பு. கடையை விட்டுக் கிளம்புமுன் அதன் திருகாணிகள் இறுகியிருக்கின்றனவா, பட்டைகள் பற்களில் சரியாக ஏறிப் பிடிக்கின்றனவா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள்.

உடையில் ஒரே ஒரு கண்டிப்பு: பருத்தி வேண்டாம். ஸ்னோபோர்டிங் கற்பவர் குளிரில் நடுங்குவதைவிட வியர்ப்பதே அதிகம். பருத்தி அந்த வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து, மலைமேல் ஏற்றிச் செல்லும் தொங்கு இருக்கையான லிஃப்டில் அசையாமல் உட்காரும்போது உடலை உறையவைக்கும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, அதன்மேல் மெல்லிய ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி) சட்டை, அதற்கும் மேல் நீர் புகாத சட்டை என்று மூன்று அடுக்குகள் போதும். ஊரிலிருந்து கனத்த ஸ்வெட்டர்களை அடுக்கிக்கொண்டு போவதில் பயனில்லை. விரல்கள் எளிதில் குளிர்ந்துபோகிறவர்கள், விரல்கள் பிரியாத மிட்டன் வகைக் கையுறையைத் தேர்ந்தெடுக்கலாம். பனி பொழியும் மங்கிய நாட்களுக்கு மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புச் சாயை உள்ள காகிள்ஸ் எனும் பனிக்கண்ணாடி தரையின் வடிவத்தைச் சற்றுத் தெளிவாகக் காட்டும். வெயில் நாளில் பனியிலிருந்து எதிரொளிக்கும் கதிர் முகத்தைக் கருக்கிவிடும்; மூக்கின் அடிப்பகுதி, தாடைக்குக் கீழ் என எல்லா இடத்திலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

ஹெல்மெட் கட்டாயம். மணிக்கட்டுக் காப்பும் ஏறத்தாழக் கட்டாயம் என்றே சொல்வேன், ஏனெனில் புதியவர்களுக்கு மிக அதிகமாக ஏற்படும் காயம் மணிக்கட்டு முறிவுதான். இடுப்பிலும் வால் எலும்புப் பகுதியிலும் பஞ்சு வைத்த உள்கால்சட்டை ஒன்று இருந்தால் இரண்டாம் நாள் காலையில் அதன் அருமை தெரியும்.

முதல் நாள்: சமதரையிலும் மிகச் சிறிய சரிவிலும்

கிராண்ட் ஹிராஃபு, ஹனசோனோ, நிசேகோ வில்லேஜ், அன்னுபுரி என்னும் நான்கு பகுதிகள் ஒரே மலையின் சரிவுகளில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நான்குக்கும் சேர்த்து ஒரே லிஃப்ட் சீட்டு உண்டு. முதல் இரண்டு நாட்களுக்கு அது உங்களுக்குத் தேவைப்படாது. நீங்கள் தங்கும் பகுதியில் உள்ள தொடக்கநிலைச் சரிவுக்கு மட்டும் செல்லுபடியாகும் சீட்டு எது, வகுப்புக் கட்டணத்திலேயே லிஃப்ட் அடங்குமா என்று பயிற்சிப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள். ஜப்பானில் பச்சை நிறம் எளிய பாதை, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம்.

முதலில் முன்காலை மட்டும் பூட்டிக்கொண்டு, பின்காலால் தள்ளிச் சமதரையில் நகரப் பழக வேண்டும். பலருக்கு இது சலிப்பூட்டும். ஆனால் லிஃப்டில் ஏறுவதும் இறங்குவதும் இதே நிலையில்தான் நடக்கும் என்பதால், இதற்கு அரைமணி நேரம் கொடுப்பவர் பிற்பாடு பல மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறார். பின்காலை இரு பைண்டிங்குகளுக்கும் நடுவே வைத்து, பார்வையை முன்னால் நிறுத்தி, நேராக வழுக்கி நிற்கும் வரை செய்யுங்கள்.

அடுத்து விழப் பழகுவது. முன்பக்கம் விழும்போது விரல்களை விரித்துக் கையை ஊன்றாமல், கைவிரல்களை முட்டியாக மடக்கி, இரு முன்கைகளும் மார்பும் சேர்ந்து பனியில் படுமாறு விழ வேண்டும். பின்பக்கம் விழும்போது முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பிட்டத்தில் உட்கார்ந்து முதுகை உருட்டி, மோவாயை மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கையைப் பின்னால் நீட்டக் கூடாது. சமதரையில் இதனைப் பலமுறை செய்து பார்த்தால், உண்மையில் விழும்போது உடல் தானாக அதைச் செய்யும்.

பிறகு சிறு சரிவில் குதிகால் பக்கமாக வழுக்கி இறங்குவது. பயிற்றுநர் இதனை ‘ஹீல் சைட்’ என்பார். பள்ளத்தைப் பார்த்து, பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, குதிகால் விளிம்பு பனியைக் கடிக்குமாறு முழங்காலை மடக்கி நில்லுங்கள். கால்விரல்களைச் சிறிது தாழ்த்தினால் பலகை மெல்லக் கீழே வழுக்கும். விரல்களை உயர்த்தினால் நிற்கும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது முழுவதும் இந்த ஒரு கணுக்கால் அசைவில்தான் இருக்கிறது. முதுகை வளைத்துக் குனிந்தால் எடை முன்னால் போய்விடும். தலையை நிமிர்த்தி, நாற்காலியில் உட்காரப் போகிறவரைப் போல் இடுப்பைத் தாழ்த்துங்கள்.

இதில் நன்றாகக் கை வந்தபின், மலையைப் பார்த்தபடி விரல் பக்கமாக, அதாவது ‘டோ சைட்’ முறையில் வழுக்கி இறங்குவது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் பின்னோக்கி இறங்குவதால் அச்சம் கூடுதல். முழங்காலுக்குக் கீழுள்ள முன்பகுதி எலும்பைப் பூட்ஸின் நாக்கில் அழுத்தி, இடுப்பை மலைப்பக்கம் முன்தள்ளி, குதிகாலை உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். கெண்டைக்கால் எரியும், அடிக்கடி முழந்தாளிட்டு ஓய்வெடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு காரணத்தைப் புரிந்துகொள்வது மிக மிக அவசியம். புதியவர்களின் கடுமையான விழுதல்களில் பெரும்பாலானவை ஒரே விதமாக நேர்கின்றன: பள்ளத்தைப் பார்த்திருக்கும் விளிம்பு எதிர்பாராமல் பனியில் சிக்குகிறது, பலகை சட்டென்று நின்றுவிடுகிறது, உடல் மட்டும் தொடர்ந்து போய்த் தரையில் அறைகிறது. குதிகால் பக்கம் இறங்கும்போது இப்படி நேர்ந்தால் முன்னால், கைகளும் முழங்கால்களும் தரையில் படுமாறு விழுவோம். விரல் பக்கம் இறங்கும்போது நேர்ந்தாலோ பின்னால் மல்லாந்து விழுவோம். பின்மண்டை தரையில் மோதும். ஹெல்மெட்டைக் கட்டாயம் என்று சொன்னது இதற்காகத்தான். தடுக்கும் வழி எளியது: சரிவுக்குக் குறுக்கே நிற்கும்வரை எப்போதும் மலைப்பக்க விளிம்பு மட்டுமே பனியில் பதிந்திருக்க வேண்டும், பலகை ஒருபோதும் முழுத் தட்டையாகிவிடக் கூடாது. சாய்வு மிகக் குறைந்த, ஏறத்தாழச் சமமான இடங்களில்தான் நாம் கவனம் தளர்ந்து பலகையைத் தட்டையாக விடுகிறோம். அதனால் அங்கேதான் இது அதிகம் நேர்கிறது.

சேர் லிஃப்ட்

பள்ளிகள் முதலில் நகரும் கம்பளப் பட்டையில் ஏற்றிப் பழக்கும். சேர் லிஃப்ட் என்றால், பின்காலைக் கழற்றி முன்கால் மட்டும் பூட்டிய நிலையில் வரிசையில் நகர்ந்து, ஏறும் கோட்டில் பலகையை நேராக முன்னோக்கி நிறுத்தி, பின்னால் வரும் இருக்கையைத் திரும்பிப் பார்த்து உட்கார வேண்டும். பாதுகாப்புக் கம்பியை இறக்கிக்கொள்ளுங்கள். இறங்கும் இடம் நெருங்கும்போது உடலைச் சற்றுத் திருப்பிப் பலகையை நேராக்கி, அதன் மூக்கை உயர்த்தி, பலகை பனியைத் தொட்டதும் பின்காலை இரு பைண்டிங்குகளுக்கு நடுவே வைத்து எழுந்து, நேராக வழுக்கிச் செல்லுங்கள். அந்தச் சில நொடிகளில் திரும்ப முயலாதீர்கள். பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்கவும் வேண்டாம். விழுந்துவிட்டால் வெட்கப்பட்டு அங்கேயே உட்காராமல் உடனே ஒதுங்குங்கள், அடுத்த இருக்கை வந்துகொண்டிருக்கும். ஏறும் முன்பே ‘முதல்முறை’ என்று பணியாளரிடம் சைகை காட்டினால் இருக்கையின் வேகத்தைக் குறைத்துத் தருவது வழக்கம்.

இரண்டாம், மூன்றாம் நாள்: திருப்பம்

ஒரே விளிம்பில் நின்றபடி, எடையை ஒரு பக்கத்துக் காலுக்கு மாற்றிக் குறுக்காக நகர்ந்து, பிறகு மறுகாலுக்கு மாற்றி எதிர்த்திசையில் நகர்வதை, உதிரும் சருகின் பெயரால் அழைக்கிறார்கள். இதில் திருப்பம் கிடையாது. ஆனால் பார்வை எங்கே போகிறதோ அங்கே தோள் போகும், தோள் போகும் இடத்துக்குப் பலகை போகும் என்பது இந்தப் பயிற்சியில்தான் உடலுக்குப் புரிகிறது. குதிகால் பக்கம் இதைச் செய்ய வந்துவிட்டாலே ஒரு பச்சைப் பாதை முழுவதையும் பாதுகாப்பாக இறங்க முடியும். அந்த வசதியில் பலர் அதிலேயே தங்கிவிடுகிறார்கள். விரல் பக்கத்தையும் சம அளவு பழகாமல் திருப்பத்துக்குப் போகவே முடியாது.

குதிகாலிலிருந்து விரல் பக்கம் திரும்புவதைப் பார்ப்போம். குறுக்காக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்போது எடையில் பாதிக்கு மேல் முன்காலில் வையுங்கள். விளிம்பின் பிடியை மெல்லத் தளர்த்துங்கள். பலகையின் மூக்கு தானாகப் பள்ளத்தை நோக்கித் திரும்பும். ஒரு கணம் பலகை தட்டையாகி நேராகக் கீழே போகும். கற்பவர்கள் எல்லாரும் திணறுவது இந்தக் கணத்தில்தான். வேகம் கூடுவதை உணர்ந்ததும் உடல் அஞ்சி மலைப்பக்கமாக, பின்காலின்மேல் சாய்கிறது. முன்காலில் எடை இல்லாததால் முன்விளிம்பு பனியைப் பிடிப்பதில்லை. பலகை திரும்ப மறுத்து இன்னும் வேகமாக ஓடுகிறது. அஞ்சிப் பின்வாங்குவதே இங்கு அஞ்சியதை வரவழைக்கிறது. எனவே அந்தக் கணத்தில் எடையை முன்காலிலேயே வைத்திருந்து, தலையைத் திருப்பிப் போக வேண்டிய பக்கத்தின் ஓரத்தைப் பார்த்து, முதலில் முன்காலின் விரல்களையும் அடுத்துப் பின்காலின் விரல்களையும் அழுத்துங்கள். பலகையின் இடைப்பகுதி இரு முனைகளைவிடக் குறுகலாகச் செதுக்கப்பட்டிருப்பதால், விளிம்பில் சாய்ந்ததும் அது வளைவாகவே ஓடும். நீங்கள் பின்காலை உதைத்துத் தள்ள வேண்டியதில்லை. திருப்பம் முடிந்ததும் சரிவுக்குக் குறுக்கே வந்து வேகம் அடங்கும். அங்கே நின்று மூச்சுவிட்டு, அடுத்த திருப்பத்தைத் தொடங்குங்கள். விரலிலிருந்து குதிகாலுக்குத் திரும்புவதும் இதே வரிசைதான். அங்கே முன்தோளை விரித்துத் திறப்பதும் இடுப்பைத் தாழ்த்துவதும் கூடுதல்.

தனித்தனியாக இரு பக்கத் திருப்பமும் வந்தபின் இரண்டையும் நிற்காமல் இணைப்பதுதான் முதல் பயணத்தின் நியாயமான இலக்கு. அதற்காகச் சாய்வு கூடிய இடத்துக்குப் போகாதீர்கள். பழகிய அதே பாதையிலேயே இணைத்துப் பாருங்கள்.

உடல் சோர்வை நேர்மையாகக் கவனிக்க வேண்டும். வகுப்பு முடிந்தபின் ஒன்று இரண்டு மணி நேரம் தனியே பழகுவது நல்லது. அதற்கு மேல் தொடை நடுங்கும்போது செய்யும் முயற்சிகள் தவறான பழக்கத்தையும் காயத்தையும் மட்டுமே தரும். மூன்றாம் நாளில் அரைநாள் ஓய்வு வைத்துக்கொள்ளுங்கள். நிசேகோவில் வெந்நீர் ஊற்றுக் குளியல் இடங்கள் நிறைய உண்டு. வலித்த தசைக்கு அது இதமளிக்கும். ஆடையின்றிக் குளிப்பது அங்கே முறை என்பதையும், பச்சை குத்தியவர்களைச் சில இடங்களில் அனுமதிப்பதில்லை என்பதையும் முன்பே தெரிந்துகொண்டு போகலாம்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். சைவ உணவினர் உடோன், சோபா, மிசோ சூப் எல்லாவற்றிலும் மீன் சாறு சேர்ந்திருக்கக்கூடும் என்பதையும், ஜப்பானியக் கறிக் குழம்பில் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ அதன் கொழுப்போ இருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சமையலறையுள்ள அறையை எடுத்து, அரிசியை அருகிலுள்ள குட்சான் ஊரின் பேரங்காடியில் வாங்கிக்கொண்டு, பொடிகளை ஊரிலிருந்து எடுத்துச் செல்வது நல்ல ஏற்பாடு. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும். குளிரில் தாகம் தெரியாது. ஆனாலும் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

சரிவில் நடந்துகொள்ளும் முறை

சர்வதேச ஸ்கீ மற்றும் ஸ்னோபோர்டு கூட்டமைப்பின் நடத்தை விதிகள் 10 உண்டு. அவற்றில் மிக முக்கியமான ஒன்று, உங்களுக்கு முன்னால் கீழே போய்க்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை என்பது. மேலிருந்து வருபவர்தான் விலகிப் போக வேண்டும். பாதையின் நடுவிலோ குறுகலான இடத்திலோ மேட்டுக்கு மறைவிலோ உட்காரக் கூடாது. பூட்ஸைப் பூட்டவும் ஓய்வெடுக்கவும் ஓரத்துக்குப் போங்கள். மீண்டும் இறங்கத் தொடங்குமுன் மேலே திரும்பிப் பாருங்கள். யாராவது அடிபட்டுக் கிடந்தால், அவருக்கு மேற்புறம் சற்றுத் தள்ளிப் பலகையை நட்டு வைத்து, வருபவர்களை எச்சரித்து, ரோந்துப் பணியாளரை அழைக்க வேண்டும். அவர்களின் எண்ணைக் காலையிலேயே பாதை வரைபடத்திலிருந்து கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 119.

கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். நிசேகோவில் எல்லைக்கு வெளியே செல்ல விரும்பும் அனுபவசாலிகளுக்கென்று தனி வாயில்கள் இருக்கின்றன. நிலைமை சரியில்லாத நாட்களில் அவற்றை மூடிவிடுவார்கள். கயிற்றுக்கு அடியில் நுழைந்தவரின் சீட்டு பறிக்கப்படும். பனிச்சரிவு அபாயம் ஒருபுறம் இருக்க, பாதையோரத்து மரங்களுக்கு அடியிலும் புதியவர்களுக்கு ஆபத்து உண்டு. கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் அடிமரத்தைச் சுற்றி உள்ளீடற்ற குழி உண்டாகிறது. அதில் தலைகீழாக விழுந்தவர் தாமாக வெளியே வருவது மிகக் கடினம். ஒற்றை மரமாக இருந்தாலும் விலகியே செல்லுங்கள்.

நான்காம் நாள், இரு பக்கத் திருப்பங்களையும் பச்சைப் பாதையில் மேலிருந்து கீழ்வரை விழாமல் இணைக்க முடிகிறது, நினைத்த இடத்தில் நிற்கவும் முடிகிறது என்றால், பயிற்றுநரோடு எளிய சிவப்புப் பாதை ஒன்றை முயன்று பார்க்கலாம். அன்புள்ள வார்த்தையாகச் சொல்கிறேன், அதைக் காலையில் செய்யுங்கள். பனி அப்போதுதான் புதிதாகச் சீவப்பட்டிருக்கும், கால்களும் களைத்திருக்காது. விரல் பக்கம் இன்னும் தடுமாறுகிறது என்றால் அன்றும் பச்சைப் பாதையிலேயே இருந்து அதை மட்டும் பழகுங்கள். கடைசி நாள் மாலை லிஃப்ட் மூடும் நேரத்துக்கு முன்பே இறங்கி, பலகையையும் பூட்ஸையும் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். காயம் ஏதேனும் ஏற்பட்டிருந்தால் மருத்துவர் சீட்டையும் ரோந்துப் பணியாளர் தந்த அறிக்கையையும் ஜப்பானை விட்டுக் கிளம்புமுன் கையில் பெற்றுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனம் அவற்றைக் கேட்கும்போது ஊரிலிருந்து எழுதி வாங்குவது எளிதன்று.